எடை மெஷினும் இன்ச் டேப்பும்: உடல் பருமனை வீட்டிலேயே சரியாக அளந்து பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் உள்ள ஒரு விளையாட்டுத் திடலில் காலையில் நடக்க வருபவர்களுக்கு எடையும் வயிற்றுச் சுற்றளவும் அளந்து சொல்லும் வேலையை, உடற்கல்வி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து செய்துவருகிறேன். புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "என் உயரத்துக்கு நான் எத்தனை கிலோ இருக்கணும்?" என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு ஒரே ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பிவிட்டால், எடை சரியாக இருந்தும் வயிறு பெருத்திருப்பவர் கவலையின்றி வீட்டுக்குப் போய்விடுவார். உழைத்து உரமேறிய உடம்புக்காரர் தேவையில்லாமல் பயந்துவிடுவார். இந்த இரண்டு தவறுகளையும் நான் பலமுறை கண்டிருப்பதால், எதை, எந்த வரிசையில், எப்படி அளக்க வேண்டும் என்பதை விளக்கமாக எழுதுகிறேன்.

வடசென்னைக்கு இது கூடுதலாகப் பொருந்தும். துறைமுகத்திலும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலும் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைகளிலும் மூட்டையும் கூடையும் பேலும் தூக்கிப் பழகிய உடம்புகள் இங்கே அதிகம். அப்படி இருபது ஆண்டுகள் உழைத்த ஒருவர் நாற்பது வயதுக்குப் பிறகு காவலாளியாகவோ, ஆட்டோ ஓட்டுநராகவோ, கடைக் கல்லாவிலோ உட்கார்ந்துவிடும்போது, சாப்பாட்டின் அளவு பழைய உழைப்புக்கு ஏற்றபடியே தொடர்கிறது. கையும் காலும் மெலிகின்றன, வயிறு மட்டும் முன்னே வருகிறது. தசை குறைந்த கணக்கையும் கொழுப்பு கூடிய கணக்கையும் எடை மெஷின் ஒன்றாகக் கூட்டிப் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் உயரத்துக்கு மிஞ்சிய எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று, சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான இந்திய அளவிலான ஆய்வில் இருக்கிறது. உயரத்தையும் எடையையும் வைத்துப் பார்த்தபோது 28.6 சதவீதம் பேருக்கு உடல் பருமன் இருந்தது; வயிற்றுச் சுற்றளவை வைத்துப் பார்த்தபோது அது 39.5 சதவீதம் ஆயிற்று. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருப்பவர்கள்தான் எடை மெஷின் கண்டுபிடிக்காமல் விட்டுவிடுபவர்கள்.

அளப்பதற்கு அதிகப் பொருள்கள் தேவையில்லை. ஒரு டிஜிட்டல் எடை மெஷின், தையல்காரர் பயன்படுத்தும் புதிய இன்ச் டேப், ஒரு நோட்டு, கைபேசியில் உள்ள கால்குலேட்டர், உங்கள் உயரத்தைவிட நீளமான நூல், கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி ஆகியவை போதும். டேப் புதியதாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகள் பயன்பட்ட துணி டேப் இழுபட்டு நீண்டுவிடும், அதில் அளந்தால் வயிறு உள்ளதைவிடச் சிறியதாகத் தெரியும்.

முதலில் எடை

காலையில் எழுந்து, கழிவறைக்குப் போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கு முன் எடை பார்ப்பது நல்லது. வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், ஏறக்குறைய ஒரே மாதிரியான மெல்லிய உடையில் பார்க்க வேண்டும். மெஷினைக் கடினமான, சமமான தரையில் வைக்க வேண்டும். கோரைப்பாய், கால்மிதி, மெத்தை விரிப்பு ஆகியவற்றின் மேல் வைத்தால் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. இரண்டு பாதங்களிலும் எடை சமமாக இருக்கும்படி நின்று, எண் அசையாமல் நின்ற பிறகு குறித்துக்கொள்ள வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவ நிலையத்தில் என் எடை திடீரென நான்கு கிலோ கூடியிருப்பதாகக் காட்டியது. அதை அப்படியே நம்பி, ஒரு வாரம் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் தலைசுற்றலோடு நடமாடினேன். அடுத்த முறை போனபோதுதான் அங்கே மெஷின் விரிப்பின் மேல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றதைக் கவனித்தேன். அதிலிருந்து எந்த மெஷினையும் சோதித்துப் பார்க்காமல் நான் பயன்படுத்துவதில்லை. சோதனை எளிது. மெஷின் மேல் ஏறி நின்று எடையைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு பிரிக்காத 10 கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு மறுபடியும் ஏறுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் 10 கிலோவை ஒட்டி வந்தால் அந்த மெஷின் உங்களுக்குப் போதும்.

ஒரே நாளில் எடை ஒன்று முதல் இரண்டு கிலோ வரை ஏறி இறங்குவது இயல்பு. முந்தைய இரவு உப்பு மிகுந்த கருவாட்டுக் குழம்போ பிரியாணியோ சாப்பிட்டிருந்தால் உடம்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதவிடாயை ஒட்டிய நாட்களிலும் பெண்களுக்கு இது நேரும். வெயிலில் வேலை செய்து வியர்த்த நாளிலும் ரமலான் நோன்பு திறக்கும் மாலை நேரத்திலும் எடை குறைந்து தெரிந்தால், குறைந்தது நீர்தான், கொழுப்பு அல்ல. எனவே ஒரு நாள் எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். நான்கு வாரத்து எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

அடுத்து உயரம்

தன் உயரத்தைச் சரியாக அறிந்தவர்கள் மிகக் குறைவு. இருபது வயதில் ஏதோ ஒரு விண்ணப்பத்தில் எழுதியதையே பலர் அறுபது வயதிலும் சொல்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகால், பிட்டம், தோள்பட்டை ஆகியவை சுவரில் படும்படி நேராக நின்று, பார்வையை நேரே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள வேறொருவர் அட்டை கெட்டியான புத்தகம் ஒன்றைச் சுவரோடு செங்குத்தாகப் பொருத்தி உச்சந்தலை வரை இறக்கி, அதன் அடிவிளிம்பில் பென்சிலால் கோடு போட வேண்டும். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள தூரமே உயரம். பெண்கள் கொண்டையை அவிழ்த்துவிட வேண்டும். நாள் முழுக்க நின்று வேலை செய்த பிறகு முதுகெலும்பு சற்று அமுங்கியிருக்கும் என்பதால் காலையில் அளப்பதே சரி. முதியவர்களுக்கு உயரம் குறையக்கூடும், ஆதலால் அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அளந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கைக் காட்டுவேன். 68 கிலோ எடையுள்ளவரின் உயரம் 162 செ.மீ. என்றால் அவருடைய பிஎம்ஐ (எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் கணக்கு, அடுத்த பகுதியில் விளக்குகிறேன்) 25.9, அதே நபர் தன்னை 165 செ.மீ. என்று சொல்லிக்கொண்டால் 24.98. மூன்று செ.மீ. பிழை அவரைப் பருமன் எல்லையான 25க்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

பிஎம்ஐ கணக்கும் அதன் எல்லையும்

பள்ளிப் பாடத்தில் உடல் நிறை குறியெண் என்று படிப்பதைத்தான் எல்லோரும் பிஎம்ஐ என்கிறோம். எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். மேலே சொன்னவருக்கு, 68ஐ 1.62ஆல் வகுத்தால் 41.98 வரும், அதை மறுபடியும் 1.62ஆல் வகுத்தால் 25.9 கிடைக்கும். உயரத்தை அடியிலும் அங்குலத்திலும் மட்டுமே அறிந்தவர்கள் மொத்த அங்குலத்தை 2.54ஆல் பெருக்கிச் செ.மீ. ஆக்கிக்கொள்ளலாம். 5 அடி 4 அங்குலம் என்பது 64 அங்குலம், அதாவது 162.6 செ.மீ.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த பொது அளவுகோலில் 18.5 முதல் 24.9 வரை இயல்பு, 25க்கு மேல் மிகை எடை, 30க்கு மேல் உடல் பருமன். நம் நாட்டினருக்கு அதே பிஎம்ஐயில் கொழுப்பு கூடுதலாக இருப்பதாலும், நீரிழிவும் இதய நோயும் குறைந்த எடையிலேயே வந்துவிடுவதாலும், 2009இல் வெளியான இந்திய மருத்துவ வல்லுநர்களின் பொதுக் கருத்து இந்த எல்லைகளைக் கீழே இறக்கியது. அதன்படி 23 முதல் 24.9 வரை மிகை எடை, 25 முதல் உடல் பருமன். 162 செ.மீ. உயரமுள்ளவருக்கு 23 என்பது சுமார் 60 கிலோவிலும், 25 என்பது சுமார் 65 கிலோ 600 கிராமிலும் வந்துவிடும். கைபேசிச் செயலிகள் பல இன்னும் பொது அளவுகோலையே காட்டுவதால், 24.5 வந்தவருக்குப் பச்சை நிறம் தெரிகிறது. அந்தப் பச்சையை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் எல்லையும் புரியும். பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே என்ற வானியல், புள்ளியியல் அறிஞர் 1830களில் மக்கள் கூட்டத்தின் சராசரி உடலமைப்பை ஆராயும்போது கண்டறிந்த விகிதம் இது. தனி மனிதருக்கு நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அவர் இதை உருவாக்கவில்லை. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸும் அவருடைய குழுவினரும்தான் இதற்குப் பிஎம்ஐ என்ற இன்றைய பெயரை வைத்தார்கள்.

புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையும் போட்டு ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றுதான், 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்திய உடல்வாகை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. இதற்கு நேர்மாறானவர்களும் நம் பகுதியில் உண்டு. வடசென்னையின் குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடங்களில் வளர்ந்த இளைஞர்களுக்குப் பிஎம்ஐ 27 வந்தாலும் வயிறு ஒட்டியிருக்கும். அவர்களுடைய எடை தசையின் எடை. ஆகவே பிஎம்ஐயை நோட்டில் எழுதிக்கொண்டு, தீர்ப்புச் சொல்லாமல் டேப்பைக் கையில் எடுங்கள்.

வயிற்றுச் சுற்றளவு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் செய்து பார்ப்பதென்றால் இதைச் செய்து பாருங்கள் என்பேன். வயிற்றின் உள்ளே குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து சேரும் கொழுப்பு, தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பைப் போல அடங்கிக் கிடப்பதில்லை. அதிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போய் இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் கல்லீரல் கொழுப்பும் பலருக்கு ஒன்றாகவே வருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

அளக்கும் இடம்தான் பலருக்குத் தெரிவதில்லை. பக்கவாட்டில் விரலால் அழுத்திக் கடைசி விலா எலும்பின் அடிவிளிம்பைக் கண்டுபிடித்து ஒரு புள்ளி வையுங்கள். அதற்கு நேர் கீழே இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தொட்டு இன்னொரு புள்ளி வையுங்கள். இரண்டுக்கும் நடுவில்தான் டேப் போக வேண்டும். பலருக்கு இது தொப்புளுக்குச் சற்று மேலே அமையும். கால்களைச் சிறிது அகட்டி, கைகளைத் தளரவிட்டு நின்று, டேப்பை வெறும் தோலின் மேல் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் டேப் கீழே இறங்காமல் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், சதையை அழுத்தக் கூடாது. இயல்பாக மூச்சை வெளியே விட்டு, அந்த முடிவில் எண்ணைப் படியுங்கள். இரண்டு முறை அளந்து, ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் முறையும் அளந்து சராசரியை எழுதுங்கள்.

நம் உடைகள் இதில் செய்யும் குழப்பத்தைத் தனியே சொல்ல வேண்டும். ஆண்கள் பேண்ட் சைஸைத்தான் இடுப்பளவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொப்பை வளர வளரப் பேண்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிவிடுகிறதே தவிர, சைஸ் மாறுவதில்லை. பத்து ஆண்டுகளாக 34 போடுகிறேன் என்பவருக்கு வயிறு 40 அங்குலமாக இருப்பதை நான் சாதாரணமாகப் பார்க்கிறேன். லுங்கி கட்டியிருப்பவர்கள் முடிச்சை நன்றாகக் கீழே தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் முடிச்சும் அளவில் சேர்ந்துவிடும். பெண்களுக்குப் பாவாடை நாடா வருடக்கணக்கில் அழுத்தியதால் இடுப்பில் ஒரு பள்ளத் தடம் இருக்கும். டேப் தானாகவே வழுக்கி அந்தத் தடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அந்த இடத்தில் அளந்தால் மூன்று, நான்கு செ.மீ. குறைவாகத்தான் வரும். நாடாவைத் தளர்த்தி, புள்ளி வைத்த இடத்தில்தான் டேப் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையிலிருந்து விலகிய ஒருவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒருநாள் தன் மனைவிக்கு அளவெடுக்க அழைத்துவந்திருந்தார். அவரையும் அளந்துகொள்ளச் சொன்னபோது, "நான் ஒல்லியாத்தானே சார் இருக்கேன், எனக்கு எதுக்கு டேப்பு?" என்றார். உயரம் 166 செ.மீ., எடை 64 கிலோ, பிஎம்ஐ 23.2. தோள் எலும்பு தெரியும் உடம்பு. முழங்கைக்கு மேலே தசை வற்றி, தோல் மட்டும் தொங்கியது. சட்டையைத் தூக்கியதும் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டார், டேப் 92 காட்டியது. நான் எதுவும் சொல்லாமல் டேப்பைப் பிடித்தபடி அவருடைய மனைவியிடம் பேச்சுக் கொடுத்தேன். மூன்றாவது மூச்சில் அவர் பிடிப்பு தளர்ந்தது, என் விரல்களுக்கு நடுவே டேப் நகர்ந்து 97இல் நின்றது. அந்த வாரமே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தார். சர்க்கரை 118 இருந்தது. நீரிழிவு நோய்க்கு முந்தைய நிலை அது.

இந்தியர்களுக்கான எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அதைத் தாண்டினால் வயிற்றுப் பருமன் என்று பொருள். ஆண்கள் 78, பெண்கள் 72 என்ற அளவை எட்டும்போதே எச்சரிக்கையாகிவிட வேண்டும் என்றும் 2009ஆம் ஆண்டுக் கருத்து சொல்கிறது.

எண்கள் பிடிபடாத பெரியவர்களுக்கு நூல் சோதனை மிகவும் உதவும். பாதத்திலிருந்து உச்சந்தலை வரை உயரத்துக்குச் சரியாக ஒரு நூலை வெட்டி, அதை இரண்டாக மடித்து, டேப் வைக்க வேண்டிய அதே இடத்தில் வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். முனைகள் ஒன்றை ஒன்று தொட்டால் வயிறு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறது. தொடாமல் இடைவெளி விழுந்தால் அபாயம் தொடங்கிவிட்டது. வயிற்றுச் சுற்றளவை உயரத்தால் வகுத்து 0.5க்குள் வைத்துக்கொள்ளச் சொல்லி இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமும் 2022இல் அறிவுறுத்தியது, 0.6ஐத் தாண்டினால் அபாயம் மிக அதிகம். நான் குறிப்பிட்ட பெரியவருக்கு 0.58 வந்தது. எனக்குத் தெரிந்த அளவுகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும், குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் ஒரே விதியாகப் பொருந்துவது இதுதான் என்பதால் திடலில் இதையே முதலில் செய்துகாட்டுகிறேன்.

இடுப்புக்கும் பிட்டத்துக்கும் உள்ள விகிதத்தையும் சிலர் பார்ப்பார்கள், ஆண்களுக்கு 0.90, பெண்களுக்கு 0.85 எல்லை. வீட்டு உபயோகத்துக்கு அது அவசியமில்லை. காலை வைத்தவுடன் கொழுப்புச் சதவீதம் சொல்லும் மெஷின்கள், உடம்பில் மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்திக் கணக்கிடுபவை. நீர் குடித்ததும் வியர்த்ததும் அவற்றின் எண்ணை மாற்றிவிடும். அதற்காகத் தனியே பணம் செலவழிக்க வேண்டாம்.

மருத்துவ உலகமும் இந்தத் திசையில்தான் வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான பன்னாட்டு வல்லுநர் குழுவின் அறிக்கை, பிஎம்ஐயை மட்டும் வைத்து ஒருவருக்கு உடல் பருமன் என்று முடிவுகட்டக் கூடாது, வயிற்றுச் சுற்றளவு போன்ற இன்னோர் அளவாலும் உறுதிசெய்ய வேண்டும் என்றது. உறுப்புகள் பாதிக்கப்படாத பருமனையும் பாதிப்பு தொடங்கிவிட்ட பருமனையும் அது வேறுவேறாகப் பிரித்தது. அதே மாதத்தில் வெளியான இந்திய வல்லுநர்களின் திருத்திய வரையறையும் இதே போல இரண்டு நிலைகளாகப் பிரிக்கிறது.

உடல் தகுதியை அளப்பது

எடையும் வயிறும் உடம்பு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லும். அது என்ன செய்ய முடியும் என்பதை வேறு விதமாகத்தான் அறிய வேண்டும். நெஞ்சு வலி, நடக்கும்போது மயக்கம், இதய நோய்க்கான சிகிச்சை ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பின்வரும் சோதனைகளைச் செய்யக் கூடாது. சோதனையின் நடுவில் நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அப்போதே நிறுத்திவிட வேண்டும்.

காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணி எழுதுங்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு. சில மாதங்கள் ஒழுங்காக நடந்தவர்களுக்கு இந்த எண் மெல்லக் குறைவதை நோட்டில் காணலாம்.

நாற்காலிச் சோதனைதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து நின்று மறுபடியும் உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 60 முதல் 64 வயதுள்ள ஆண்களுக்கு 14க்குக் கீழேயும் பெண்களுக்கு 12க்குக் கீழேயும் வந்தால் கால் வலிமை சராசரிக்குக் குறைவு. 70 முதல் 74 வயதினருக்கு இந்த எல்லை ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10. நாற்பது வயதுக்காரர் ஒருவர் பத்தோடு நின்றுவிட்டால், அவருடைய எடை என்னவாக இருந்தாலும், தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியிலிருந்துதான் நான் தொடங்கச் சொல்வேன்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்குப் படிக்கட்டே சோதனைக் கூடம். 60 படிகளை, ஓடாமல், நிற்காமல் ஏறி எத்தனை விநாடிகள் ஆகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனாலோ, நடுவில் மூச்சு வாங்கி நிற்க வேண்டியிருந்தாலோ அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அளந்த பிறகு என்ன செய்வது

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாட்களாவது தசைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மிதம் என்பதற்கு எளிய அடையாளம், நடக்கும்போது பேச முடியும், பாட முடியாது. கடை கடையாக நின்று நின்று நடப்பது இதில் சேராது. நடக்கும் இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில் ஒரு மணி நேரம் புகையை இழுத்துக்கொண்டு நடப்பதைவிட, ராயபுரம் ராபின்சன் பூங்காவிலோ, மாநகராட்சி விளையாட்டுத் திடலிலோ, திருவொற்றியூர்க் கோயிலின் பிரகாரத்திலோ நடப்பது நுரையீரலுக்கு நல்லது. இடமே கிடைக்காதவர்கள் மொட்டை மாடியில் நடக்கலாம். காலை ஏழு மணிக்கு முன் வெயில் தெரியாது.

முதல் இலக்கு பெரியதாக இருக்க வேண்டாம். 68 கிலோ உள்ளவருக்கு ஐந்து சதவீதம் என்பது 3 கிலோ 400 கிராம்தான். அவ்வளவு குறைந்தாலே இரத்தச் சர்க்கரையிலும் கொதிப்பிலும் மாற்றம் தெரியத் தொடங்கும். எண்ணெய், இனிப்பு, இரவில் சாப்பிடும் அரிசியின் அளவு ஆகிய மூன்றையும் குறைப்பதிலிருந்து தொடங்குங்கள். பட்டினி கிடக்க வேண்டாம், அதில் முதலில் கரைவது தசை.

எடை குறையவில்லையே என்று இரண்டாம் மாதத்தில் நடப்பதை விட்டுவிடுபவர்களுக்கு, சென்னையில் நடந்து 2006இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வைப் பற்றி நான் எப்போதும் சொல்வேன். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுக் கணக்கில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. நடையையும் உணவையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களில் அது 39.3 சதவீதமாகக் குறைந்தது. அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. எடை மெஷின் அசையாத அதே மாதங்களில் அவர்களுடைய உடம்பு நோயிலிருந்து விலகிக்கொண்டிருந்தது.

இந்த எண்கள் பொருந்தாதவர்கள்

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெரியவர்களுக்கான எல்லைகளைப் போட்டுப் பார்க்கக் கூடாது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப வளர்ச்சி வரைபடத்தில் வைத்துக் குழந்தை மருத்துவர் பார்க்க வேண்டும். பிள்ளையின் காதுபட "குண்டு" என்று சொல்லி எடை பார்ப்பதை வீட்டார் அடியோடு நிறுத்த வேண்டும். பள்ளியில் அந்தச் சொல்லால் விளையாட்டையே வெறுத்த பிள்ளைகளை நான் அறிவேன். கர்ப்பிணிகளுக்கு வயிற்று அளவு பொருந்தாது. கால் வீக்கமும் வயிற்றில் நீர்க்கோவையும் உள்ளவர்களுக்கு எடையே தவறாகக் காட்டும்.

முதியவர்களுக்கு டேப்பைக் கெண்டைக்காலிலும் சுற்றிப் பாருங்கள். மிகப் பருத்த இடத்தில் ஆண்களுக்கு 34 செ.மீ.க்கும் பெண்களுக்கு 33 செ.மீ.க்கும் குறைந்தால் தசை இழப்பு இருக்கலாம். அவர்களுக்கு எடை குறைப்பைவிடப் புரதமும் கால் பயிற்சியும்தான் முதல் தேவை.

முயற்சி எதுவும் செய்யாமலே ஆறு மாதத்துக்குள் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அதைக் கொண்டாட வேண்டாம். காசநோய், கட்டுப்படாத நீரிழிவு, தைராய்டு, புற்றுநோய் ஆகிய எதுவும் காரணமாக இருக்கலாம் என்பதால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நோட்டும் மருத்துவப் பரிசோதனையும்

நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, தேதி, எடை, வயிறு, நாற்காலி எண்ணிக்கை, நாடித்துடிப்பு என்று கட்டம் போடுங்கள். எடை வாரம் ஒருமுறை, வயிறு மாதம் ஒருமுறை, மற்றவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். பிஎம்ஐ 23ஐயோ, வயிறு எல்லையையோ, நூல் பாதியையோ தாண்டியிருந்தால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தே ஆக வேண்டும். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய எல்லா மண்டலங்களிலும் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன, அங்கே இவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கு வரும்போதும் தட்டிக்கழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது.

சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகும் நாளில் முந்தைய இரவு சாப்பிட்டதிலிருந்து எட்டு மணி நேரமாவது தண்ணீரைத் தவிர வேறெதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். வழியில் டீ குடித்துவிட்டால் அன்றைய பரிசோதனை வீண். நோட்டையும் கையோடு எடுத்துப் போய், மருத்துவர் கேட்பதற்கு முன்பே அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் மேசைமேல் வையுங்கள்.